பால்மரம் வெட்டும் நேரமும் புலி நடக்கும் நேரமும்

புலி விஷயத்தில் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். சுட்டுத் தள்ளினால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும் என்கிறது ஒரு கட்சி. காட்டை அழித்தது மனிதன், புலி அதன் இடத்துக்குத்தான் வருகிறது, அதைத் தொடக்கூடாது என்கிறது இன்னொரு கட்சி, இவர்களில் பாதிப்பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகள்தான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் மர வரிசைக்குள், அதாவது நிரைக்குள், பால் வெட்டத் தனியாகக் குனிந்து நிற்கிற ஆளைப் பற்றி இந்தச் சண்டையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்த ஆள் பத்திரமாக வீடு திரும்பினால்தான் புலியும் பிழைக்கும் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1948இல் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டு, அதிலிருந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய ஊர் என்று வரலாற்றுப் பாடத்தில் வரும். தெற்கே ஈப்போ, அந்தப் பக்கம் கோல கங்சார், கிழக்கே தோட்டங்களைத் தாண்டிவிட்டால் தித்திவங்சா மலைத்தொடர். லிந்தாங், ஜாலோங், லாசா பக்கம் மோட்டாரில் போனால் முதலில் எண்ணெய் எடுக்கிற செம்பனை, அப்புறம் ஆங்காங்கே சின்னச் சின்ன ரப்பர்த் துண்டுகள், அதற்கு மேலே காடு, காட்டை ஒட்டியும் உள்ளேயும் தெமியார் என்கிற பூர்வகுடி மக்களின் கிராமங்கள். இவற்றுக்கு நடுவே வேலி எதுவும் கிடையாது. என் அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். நான் பிறந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, இப்போது இல்லை, அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, நாங்கள் பட்டணத்தை ஒட்டி ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்துவிட்டோம். அம்மாவின் தம்பி, என் மாமா மட்டும் இன்னும் காட்டோரத்தில்தான் இருக்கிறார். கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் மாடு, அதுதான் அவர் பிழைப்பு.

ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டைக்குள் பால் ஓடுகிற நுண்ணிய குழாய்களில் இரவு முழுக்க அழுத்தம் ஏறிக்கொண்டே வரும், விடிவதற்கு முன்புதான் அது உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் தண்ணீரை இழுக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும், வெட்டின கோட்டில் பால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். அதனால்தான் மரம் வெட்டுகிறவர்கள் சேவல் கூவுவதற்கு முன்னால் எழுந்து போனார்கள், இன்றைக்கும் போகிறார்கள். விடிந்த பிறகு சாவகாசமாகப் போய் வெட்டினால் பால் பிடிக்கிற மங்கில் விழுகிற பால் குறையும், பால் குறைந்தால் கையில் வருகிற வெள்ளி, அதாவது ரிங்கிட், குறையும்.

புலிக்கும் அதுதான் நேரம். இருட்டு பிரிகிற வேளையிலும் அந்தி சாய்கிற வேளையிலும்தான் மானும் பன்றியும் நடமாடும், அவற்றின் பின்னால் புலியும் நடமாடும். மரம் வெட்டுகிறவர் அந்த நேரத்தில் எப்படி நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கீழ்ப்பட்டையில் கத்தி போடும்போது இடுப்பை வளைத்து, சில மரத்துக்குக் குத்தவைத்தே உட்கார்ந்து வெட்ட வேண்டும். பின்னாலிருந்து பார்க்கிற புலிக்கு அது நிமிர்ந்து நடக்கிற மனிதனாகத் தெரியாது, தரையோடு தரையாக மேய்கிற ஏதோ ஒரு பிராணியாகத்தான் தெரியும். நெற்றி விளக்கு வெட்டுகிற இடத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெளிச்சம் போடும், முதுகுக்குப் பின்னால் முழு இருட்டு. புலியோ பின்பக்கமாக வந்து பாய்கிற பிராணி. வங்காளத்துச் சுந்தரவனத்தில் 1980களில் தேனெடுக்கவும் விறகு வெட்டவும் காட்டுக்குள் போனவர்களுக்குத் தலையின் பின்பக்கம் மாட்டிக்கொள்ள முகமூடி கொடுத்தார்கள், முகம் தன்னைப் பார்க்கிறது என்று நினைத்தால் புலி தயங்கும் என்பதற்காக. இங்கே யாரும் முகமூடி கட்டிக்கொண்டு பால் வெட்டப்போவதில்லை. நான் சொல்ல வருவது, புலிக்கு மனிதன் மேல் தனிப்பட்ட பகையோ ருசியோ கிடையாது, பெரும்பாலான புலிகள் மனித வாடை பட்டாலே விலகிப் போய்விடும். குனிந்த முதுகும் அரை இருட்டும் ஒரே இடத்தில் சேர்கிறபோதுதான் ஆபத்து.

தோட்டத்துக் காலத்திலும் இந்த ஆபத்து இருந்தது. பாட்டி சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். மலைக்காட்டு நிரையில் வேலை என்றால் யாரும் ஒற்றையாகப் போக மாட்டார்களாம், பக்கத்து நிரைக்காரி வரும்வரை ரோட்டோரம் நிற்பார்களாம், உள்ளே போகும்போது வாளியைத் தட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போவார்களாம், முனியாண்டி கோயிலைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போடாமல் யாரும் நகர மாட்டார்களாம். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை நான் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன். அது பெரட்டு. விடியலில் எல்லோரும் வரிசையில் நின்று, கணக்கு எழுதுகிற கிராணி பெயர் கூப்பிட்டு, வேலையைக் கவனிக்கிற மண்டோர் இன்ன நிரைக்கு இன்னார் என்று அனுப்பிய பிறகுதான் வேலை. பால் நிறுக்கிற நேரத்துக்கு ஒரு ஆள் வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும், எந்த நிரையில் தேட வேண்டும் என்பதும் தெரியும். தோட்ட வாழ்க்கையின் மற்ற கொடுமைகளை நான் நியாயப்படுத்த வரவில்லை, என் பாட்டி பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரட்டு ஆட்களை எண்ணி வைத்திருந்தது.

இப்போது அந்த எண்ணிக்கை இல்லை. காட்டோரத்து ரப்பரை வெட்டுகிறவர்களில் பலர் பால் காசைச் சொந்தக்காரரோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கிறவர்கள், அல்லது இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள், அல்லது பூர்வகுடி மக்கள். ஒருவர் தனியாக மோட்டாரில் போகிறார், தனியாக வெட்டுகிறார், தனியாகத் திரும்புகிறார். அவர் திரும்பவில்லை என்பது வீட்டில் சோறு ஆறின பிறகுதான் தெரியவரும்.

கிளந்தானில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். 2022 ஜனவரியில் குவா மூசாங் பக்கம் போஸ் பிஹாயில் பூர்வகுடியான ஒராங் அஸ்லி ஒருவரைப் புலி அடித்துக் கொன்றது. கடைசியில் அந்தப் புலியும் சுடப்பட்டுச் செத்தது. 2023 கடைசியில் அதே குவா மூசாங் வட்டாரத்தில் சில வாரங்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சாவு. செத்தவர்கள் யார் என்று பாருங்கள்: ரப்பர் வெட்டப் போனவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளிகள், பூர்வகுடிப் பிள்ளைகள். நாற்பது வருடத்துக்கு முன்பு என்றால் அந்தப் பட்டியலில் நம் பெயர்கள் இருந்திருக்கும். நாம் தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம், அந்த நேரமும் அந்த நிரையும் வேறு யாருக்கோ போய்விட்டது. இந்தச் செய்திகளை ‘யாரோ அந்நியத் தொழிலாளி’ என்று கடந்துபோக என்னால் முடியவில்லை, அந்த வாளியை என் அம்மா தூக்கியிருக்கிறார்.

இப்போது புலி பக்கத்துக்கு வருகிறேன். 1950களில் தீபகற்ப மலேசியாவில் 3,000 புலிகள் வரை இருந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு, அது கணக்கெடுப்பு அல்ல, அந்தக் காலத்து உத்தேசம். 2008இல் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது, 2020க்குள் 1,000 புலிகள் என்று. 2016இலிருந்து 2020வரை காடு காடாகக் கேமரா வைத்து எடுத்த முதல் தேசியக் கணக்கெடுப்பு முடிந்தபோது, காட்டில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு என்று தெரிந்தது. 150 என்றால் நம் தமிழ்ப்பள்ளி ஒன்றின் சபைகூடலில் நிற்கிற பிள்ளைகள் அளவுகூட வராது. 2016இல் திரங்கானுப் பக்கம் கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் காடி, அதாவது வண்டி, மோதிச் செத்த புலியின் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன. இந்த நிலைமையில் ஒரு பெண்புலி போவது என்றால் அது சின்ன நஷ்டம் இல்லை. நாட்டுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நின்று கேடயத்தைத் தாங்குகிற பிராணி இது. என் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது சின்னத்தில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்படிக் குறைந்துபோன புலி ஏன் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, வருகிறது என்று கேட்கிறார்கள். காட்டுக்குள் அதற்குச் சாப்பாடு இல்லை. கடமான் நம் பக்கத்துக் காடுகளில் வேட்டையில் போய்விட்டது, கேளையாடும் குறைந்துவிட்டது. மிஞ்சியது காட்டுப்பன்றி. பன்றிக்குச் செம்பனைத் தோட்டம் வருடம் முழுக்கப் பந்தி வைத்த மாதிரி, குலையிலிருந்து உதிர்கிற பழம் ஒன்றே போதும், பெருகிக்கொண்டே போகும். அதனால் பன்றியைத் தேடிப் புலி செம்பனை ஓரம்வரை வருவது பழகிப்போனது. அப்புறம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. 2021இல் முதலில் சபாவில், பிறகு தீபகற்பத்தில். வளர்ப்புப் பன்றிகள் மட்டும் சாகவில்லை, காட்டுப்பன்றிகளும் கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஒரு சமயம் மாமா தோட்டத்துப் பக்கம் பன்றி மண்ணைக் கிளறின தடம்கூட இல்லை. ஏற்கெனவே தோட்டத்து ஓரம் வந்து பழகிய புலி, பன்றியும் இல்லை என்றால் எதைத் தேடும்? மாட்டைத்தான்.

செம்பனைக்கு அடியில் மாட்டை அவிழ்த்துவிடுவது நம் ஆட்களின் பழைய பழக்கம். புல் இலவசம், தோட்டத்துக்கும் களை குறையும், காலையில் விட்டால் அதுவே மேய்ந்துகொள்ளும். பலர் இரவிலும் கூப்பிட்டு அடைப்பதில்லை. மலேசியாவில் புலிக்கும் மனிதருக்கும் நடக்கிற தகராறில் பெரும்பங்கு மாட்டை வைத்துத்தான். மாடு போகிறது, மாட்டுக்காரர் கோபத்தில் கண்ணி வைக்கிறார் அல்லது விஷம் வைக்கிறார், அடிபட்டுக் கால் போன புலியால் மான் பன்றியைத் துரத்த முடியாது, அது இன்னும் சுலபமான இரையைத் தேடி வீட்டுப் பக்கம் வருகிறது. இந்தச் சங்கிலியில் கடைசி வளையம்தான் அந்தக் குனிந்த முதுகு.

மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சினையாக இருந்த ஒரு கிடாரி ராத்திரி திரும்பவில்லை. விடிந்து தேடிப்போனால் ஓடையோரத்தில் கிடந்தது, தொண்டையில் கடி, பின்தொடைப் பக்கம் தின்றிருந்தது. சேற்றில் தடம் என் விரித்த கையளவு, நகம் பதியவில்லை. மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் கிடாரியை விற்று அந்த வருடம் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தார். சேதி பரவியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை. செத்த மாட்டில் பூச்சிமருந்தைக் கலந்து வைத்துவிட்டால் புலி திரும்ப வந்து தின்று செத்துவிடும், யாருக்கும் தெரியாது என்று ஒருவர் சொல்ல, மாமாவும் மருந்து டின்னை எடுக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

“என் மாட்டத் தின்னுச்சுல்ல, நான் வெச்சா என்ன?”

தடுத்தது அத்தை. “நாயும்தான் திங்கும், உடும்பும்தான் திங்கும். மழை பேஞ்சா அப்படியே ஓடையில எறங்கும், கீழ பிள்ளைங்க குளிக்கிற தண்ணிங்க அது. நீங்க அந்த டின்ன வைங்க மொதல்ல.”

பெத்தாய்க் காய் விற்க வருகிற தெமியார் பெரியவர் ஒருவர் மாமாவுக்கு நீண்ட நாள் பழக்கம். அவர் வந்து பார்த்துவிட்டு மலாயில் அதிகம் பேசவில்லை, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: அது இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, மிச்சத்தைத் தின்ன வரும், யாரும் இந்தப் பக்கம் நிற்காதீர்கள், மாட்டை இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். அது உண்மை. பெரிய இரையை அடித்தால் புலி ஒரே வேளையில் முடிக்காது, பக்கத்துப் புதரில் படுத்துக்கொண்டு சில நாள் திரும்பத் திரும்ப வரும். நம் ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூட்டமாகப் போய் நிற்பதும், போன் எடுத்துப் படம் பிடிப்பதும், அதைச் சினங்கொள்ள வைக்கிற வேலை. நான் மாமாவிடம் போனில் சொல்லி, பெர்ஹிலித்தானுக்கு, அதாவது வனவிலங்குத் துறைக்குத் தகவல் கொடுக்க வைத்தேன். ஆட்கள் வந்தார்கள், தடத்தை அளந்தார்கள், கேமரா கட்டினார்கள், ராத்திரி அது வந்ததும் படத்தில் விழுந்தது. அந்தப் படத்தை மாமா எனக்குக் காட்டினார். கோபம் குறையாமல்தான் காட்டினார், ஆனால் “அழகாத்தான் இருக்கு” என்று அவர் வாயிலிருந்தே வந்தது.

மாட்டுக்குக் காசு எங்கிருந்தும் வரவில்லை. மகள் அந்த வருடம் கல்லூரிக்குப் போகவில்லை, ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து அடுத்த வருடம்தான் போனாள். புலியைக் காப்பாற்றுவோம் என்று எழுதுகிற பிள்ளைகள் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காட்டோரத்துக் குடும்பம் ஒன்று தன் ஒரு வருடத்தைக் கொடுத்திருக்கிறது. புலி நாட்டுக்குப் பொதுச் சொத்து என்றால், அது தின்கிற மாட்டின் விலையையும் நாடு பொதுவில் கொடுக்க வேண்டும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

ஆனால் மாட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திரங்கானுவில் ஜெராங்காவ் பாராட் பக்கம் 2000களில் டபிள்யூடபிள்யூஎஃப் என்கிற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்கள் மாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து செய்தது சாதாரண வேலைதான்: மாட்டை ராத்திரி வெளியே விடாமல் வேலிக்குள் அடைப்பது, கொட்டகையைச் சுற்றிப் புதரை வெட்டுவது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நம் தாத்தாமார்கள் லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை கட்டி, புகை போட்டு, சாயங்காலம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடைத்தார்கள். பெரிய தோட்டங்கள் வந்து, கொட்டகையை உடைக்கச் சொல்லி, மாட்டைத் தோட்டத்தில் வைக்காதே என்று விரட்டின பிறகுதான் இந்த அவிழ்த்துவிட்ட மேய்ச்சல் வளர்ந்தது.

கண்ணியைப் பற்றி நம் ஆட்களிடமே பேச வேண்டியிருக்கிறது, கோபப்படாமல் கேளுங்கள். மோட்டார் பிரேக் கம்பியிலோ இரும்பு வடத்திலோ சுருக்குப் போட்டு வைக்கிற கண்ணிக்குப் பன்றி எது புலி எது என்று தெரியாது. 2009இல் பேராக்கின் வடக்கே பெலும் தெமெங்கோர் காட்டில் ஒரு புலி கண்ணியில் மாட்டிக் கிடந்து, மீட்டுக்கொண்டு போயும் பிழைக்கவில்லை. அந்தக் கண்ணிகளில் ஒரு பங்கு வெளிநாட்டுக் கும்பல்கள் வைப்பது, உண்மைதான், அவர்களைப் பிடிக்கத்தான் 2019இலிருந்து போலீசும் ராணுவமும் பெர்ஹிலித்தானோடு சேர்ந்து காட்டுக்குள் போகிறார்கள். ஆனால் இன்னொரு பங்கு காட்டுப்பன்றிக்கறிக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஆள் சொல்லி வைத்து வாங்குகிறவர்கள் நம் தாமானிலேயே இருக்கிறார்கள். புலியின் இரையையும் நாம் வாங்கித் தின்று, அந்த இரைக்கு வைத்த கண்ணியில் புலியின் காலையும் அறுத்துவிட்டு, அது ஊருக்குள் வருகிறதே என்றால் எப்படி?

கழுத்தில் புலிநகம் போடுகிற வழக்கம் இன்னொன்று. குழந்தைக்குப் பயம் தெளியும், கண்ணேறு படாது என்று தங்கத்தில் கட்டிப் போடுவது நமக்குப் பழைய வழக்கம், என் தாத்தாவுக்கும் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது விற்கிறதில் மாட்டுக்கொம்பில் சீவினதும் உண்டு. நிஜம் என்றால் அது செத்த ஒரு புலியுடையது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி முழுப் பாதுகாப்பில் இருக்கிற பிராணி, அதன் நகமோ பல்லோ தோலோ வைத்திருந்தாலும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரைக்கும், சிறை பதினைந்து வருடம் வரைக்கும் போகலாம். தயவுசெய்து பிள்ளைகளுக்கு வாங்கிப் போடாதீர்கள்.

நாய் விஷயம் பலருக்குத் தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். 2019 ஜூலையில் திரங்கானு டுங்கூன் பக்கம் கம்போங் பெசுல் லாமாவில் ஒரு புலி பட்டப்பகலில் ரோட்டில் நடந்து வந்தது. காடியைக் கண்டு ஓடவில்லை, ஆட்களைக் கண்டு பதுங்கவில்லை. எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். பிடித்துக்கொண்டுபோய்ப் பார்த்தால் அதற்கு டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய், மூளையைத் தாக்கி, பயமே தெரியாமல் ஆக்கிவிட்டிருந்தது. சில நாளில் செத்துப்போனது. அது முதன்மையாக நாய்களிடம் இருக்கிற நோய். தடுப்பூசி போடாத நாயிலிருந்து காட்டுப் பிராணிக்கு எளிதில் போகும். எங்கள் பக்கம் லயங்கள் காலியான பிறகு விட்டுவிட்டு வந்த நாய்கள் குட்டி போட்டுக் குட்டி போட்டு, செம்பனைக்குள்ளும் காட்டோரத்திலும் கூட்டமாகத் திரிகின்றன. நாய்க்கு வழக்கமாகப் போடுகிற கூட்டுத் தடுப்பூசியிலேயே டிஸ்டெம்பருக்கும் மருந்து இருக்கிறது. வீட்டு நாய்க்காவது ஊசி போடுங்கள். பகலில் ஆளைக் கண்டு ஒதுங்காத புலியைப் பார்த்தால் அது சாது என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள், அது நோயாளி.

வாட்ஸ்அப்பில் வருகிறதில் முக்கால்வாசி நம் ஊர்ப் புலியே இல்லை. போன தடவை லாசா ரோடு என்று சொல்லிச் சுற்றின வீடியோவில் காடி ரோட்டின் வலது பக்கம் ஓடியது, இடது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? அந்த ஒரு வீடியோவால் இரண்டு நாள் ஒரு கம்பமே வேலைக்குப் போகவில்லை, நாள்கூலிக் குடும்பங்களுக்கு இரண்டு நாள் பட்டினி. நிஜமாகவே தடம் பார்த்தால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து 1-800-88-5151 என்ற பெர்ஹிலித்தான் எண்ணுக்குச் சொல்லுங்கள். நாய்த் தடத்தில் நகம் பதியும், புலி நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் பதியாது. அதே மாதிரி நகம் பதியாமல் ஆனால் சின்னதாக இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம், நம் நாட்டுச் சிறுத்தைகளில் பெரும்பாலானவை கறுப்பு, அதனால் இருட்டில் கண்ணுக்கே படாது.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது, குனியக்கூடாது. நிமிர்ந்து நின்று, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும். சொல்வது சுலபம், எனக்கும் தெரியும். அதனால்தான் பார்க்காமலே இருக்கிற மாதிரி வேலையை அமைக்க வேண்டும் என்கிறேன்.

பெரட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான் காட்டோரத்தில் ரப்பர் வைத்திருக்கிறவர்களுக்கும், ஆள் வைத்து வெட்டுகிறவர்களுக்கும் என் கோரிக்கை. வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. காலையில் யார் எந்தப் பக்கம் போகிறார் என்று ஒரு குரூப்பில் ஒரு வரி, பத்து மணிக்குத் திரும்பிவிட்டேன் என்று இன்னொரு வரி. இரண்டு பேர் சேர்ந்து போங்கள், ஒருவர் வெட்டும்போது மற்றவர் பக்கத்து மரத்தில் இருக்கட்டும். சின்ன ரேடியோவைப் பாடவிடுங்கள். புலித்தடம் பார்த்த வாரத்தில் மட்டுமாவது வெளிச்சம் வந்த பிறகு வெட்டச் சொல்லி, குறைகிற பாலின் காசை முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துப் பால் பெரிய தொகை இல்லை, ஆனால் அதைக் கூலிக்காரர் தலையில் கட்டினால் அவர் இருட்டில்தான் போவார், வேறு வழி அவருக்கு இல்லை. செம்பனையில் குலை வெட்டுகிறவர்கள் ஏற்கெனவே வெளிச்சத்தில்தான் தொடங்குகிறார்கள், அங்கே பழம் பொறுக்குகிற பெண்கள் குனிந்தே இருப்பார்கள் என்பதால் அவர்களையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பக்கூடாது.

மாமா இப்போது ராத்திரியில் மாட்டை அடைக்கிறார். மூன்று பக்கம் கம்பி வலை கட்டியாகிவிட்டது, சோலார் விளக்கு ஒன்றை என் தம்பி வாங்கிக் கொடுத்தான், சுற்றிலும் புதரை வெட்டியாகிவிட்டது. கூரைக்குத்தான் தகரம் போதவில்லை, மழைக்காலம் தொடங்குவதற்குள் போட்டாக வேண்டும். லிந்தாங், ஜாலோங் பக்கம் யார் வீட்டிலாவது பழைய தகரம் சும்மா கிடந்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள், லோரி எடுத்துக்கொண்டு நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். கொட்டகை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்று பார்க்க விரும்புகிற மாட்டுக்காரர்களும் வரலாம், ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில்தான் இருப்பார்.